ஆள் ஏறினால் நாள் இறங்குமா?

பிரபா,

திங்கட்கிழமை காலையில் நீ ஆலங்காயத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராகச் சேரப் போகிறாய். உன் சட்டைகளை மடித்துப் பெட்டியில் அடுக்கிவிட்டேன். மூடுவதற்கு முன்னால் இந்தத் தாள்களையும் மேலாக வைக்கிறேன். நேரில் சொல்லலாம் என்றால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே போனைத் தடவிக்கொண்டிருப்பாய். எழுதிக் கொடுத்தால் தப்பிக்க முடியாது. பள்ளிகொண்டாவில் பஸ் ஏறினால் வாணியம்பாடி வரும்வரை உனக்கு வேறு என்ன வேலை? படித்து முடித்ததும் உன்னோடு பி.எட். முடித்த சிநேகிதர்களுக்கும் கொடு. இந்த வருஷம் முதல் தடவையாக ஒரு வகுப்புக்குள் நுழையப் போகிற எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

எனக்கு என்ன தகுதி என்று நீ கேட்க மாட்டாய். நானே கேட்டுப் பார்த்தேன். உனக்குக் கணக்கு தெரியும். கணக்கு புரியாமல் ஒருவர் முன்னால் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது. சின்ன வயதிலிருந்தே அது உனக்கு வாய்த்ததில்லை. எனக்குத் தெரியும். அதுவும் உன் முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன். பி.எட். பயிற்சிக்குப் போன இடத்துப் பிள்ளைகளுக்கு நிஜ வாத்தியார் வேறு ஒருவர் இருந்தார். எனக்கு நீ மட்டும்தான். ஆகவே உன் முதல் மாணவி நான்.

எதற்காகப் படிக்க ஆரம்பித்தேன் என்பது உனக்குத் தெரிந்ததுதான். இதைப் படிக்கப் போகிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் நான் பேஸ்டிங். ஓடுகிற கன்வேயர் பக்கத்தில் நின்றுகொண்டு, வருகிற ஒவ்வொரு ஷூவுக்கும் பசை தடவிக் கீழே சோல் ஒட்ட வேண்டும். காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து சாயங்காலம் பஸ் ஏறும்வரை நின்றே செய்கிற வேலை. போன வருஷம் என் கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு நீலமாகப் புடைத்துக்கொண்டது. டாக்டரம்மா கட்டுப் போட்டுவிட்டு, "நிக்கிற வேலைய விடுங்க, இல்லன்னா இது புண்ணாகும்" என்றார். வேலையை விட்டால் வீடு என்ன ஆகும்? உட்கார்ந்து செய்கிற வேலையில் தையல் மிஷினுக்குச் சின்னப் பெண்களைத்தான் எடுப்பார்கள். மிச்சம் செக்கிங் டேபிள் ஒன்றுதான். முடிந்த ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் குறை கண்டுபிடிக்கிற வேலை. அதற்கு எட்டாம் வகுப்புச் சான்றிதழ் கேட்டார்கள். நான் ஏழாவதைப் பாதியில் விட்டவள். எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வாக எழுதலாம் என்று கண்டுபிடித்துச் சொன்னவன் நீ. என் கால் பிழைப்பது அந்தப் பரீட்சையில் இருந்தது. அந்தப் பரீட்சை எனக்குக் கணக்கில் இருந்தது.

மற்ற பாடங்களைப் பற்றி எனக்குப் பயம் இருக்கவில்லை. கையில் கிடைத்த எதையும் படிக்கிறவள் நான், உனக்குத் தெரியும். கடலை மடித்த காகிதத்தைக்கூடப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் எறிவேன். புத்தகங்கள் வந்த அன்றைக்கே எல்லாவற்றுக்கும் பிரவுன் அட்டை போட்டேன். ஜியோமெட்ரி பாக்ஸும் வாங்கித் தரச் சொன்னேன். "எட்டாவதுக்கு இவ்ளோ பந்தாவா?" என்று உன் அப்பா சிரித்தார். தமிழும் அறிவியலும் சமூக அறிவியலும் கதை மாதிரி ஓடின. ஆங்கிலத்தை மனப்பாடம் பண்ணினேன். கணக்கில்கூட நேர் விகிதம் வரைக்கும் தடையில்லாமல் போனேன். அப்பா குடியாத்தத்தில் விசைத்தறி ஓட்டுகிறவர். ஒரு லுங்கிக்கு இவ்வளவு நூல் என்றால் பத்து லுங்கிக்கு அதைப்போல் பத்து மடங்கு. ஒன்று ஏறினால் இன்னொன்றும் அதே மாதிரி ஏறும். நீ சொல்லிக் கொடுக்கும் முன்பே நான் அடுத்த பக்கத்துக் கணக்குகளைப் போட்டு வைத்திருந்தேன். நீ ஒவ்வொன்றுக்கும் சிவப்பு மையில் சரி போட்டபோது எனக்கு வந்த பெருமை இருக்கிறதே, அதைச் சொன்னால் நீ சிரிப்பாய்.

எதிர் விகிதத்தில்தான் வண்டி நின்றது. எட்டுப் பேர் ஒரு வேலையைப் பன்னிரண்டு நாளில் முடிப்பார்கள் என்றால் பதினாறு பேர் எத்தனை நாளில் முடிப்பார்கள்? நான் பன்னிரண்டு என்று எழுதினேன். நீ தப்பு என்றாய். பெருக்கி வகுத்துக் காட்டி, ஆறு என்றாய். புரிந்ததா என்று கேட்டாய். நான் தலையாட்டினேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பின் ஏன் தலையாட்டினேன் என்றால், நீ டியூஷன் எடுத்துவிட்டுக் களைத்து வந்திருந்தாய், இன்னும் சாப்பிடவில்லை. நான் தலையாட்டினால் நீ சாப்பிடப் போவாய். அவ்வளவுதான். இதை எழுதி வைத்துக்கொள் பிரபா. உன் வகுப்பில் ஐம்பது பிள்ளைகள் தலையாட்டுவார்கள். ஒருத்திக்கு மணி அடிக்கப் போகிறது என்பதற்காகத் தலை ஆடும். ஒருத்திக்குப் பக்கத்தில் இருப்பவள் ஆட்டியதால் ஆடும். உன்மேல் பிரியத்தினாலும் ஆட்டுவார்கள், பயத்தினாலும் ஆட்டுவார்கள். பார்ப்பதற்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

அடுத்த நாளும் நான் அதே மாதிரிக் கணக்கில் தப்புப் போட்டபோது நீ எனக்கு ஒரு சூத்திரம் சொல்லிக் கொடுத்தாய். "ஆள் ஏறுனா நாள் இறங்கும். இத மட்டும் மனசுல வெச்சுக்கோம்மா. வேற எதுவும் யோசிக்காத." எனக்கு அது மிகவும் பிடித்துப் போயிற்று. பாட்டு மாதிரி இருந்தது. கன்வேயரில் நின்றுகொண்டு சொன்னேன், பஸ்ஸில் சொன்னேன். அதோடு கணக்கெல்லாம் சரியாக வர ஆரம்பித்தது. நீயும் நிம்மதியாகிவிட்டாய். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தபோது, சும்மா சோதித்துப் பார்ப்பதற்காக, "ஒரு தட்டு இட்லி வேக பத்து நிமிஷம்னா, நாலு தட்டு ஒரே குண்டான்ல வெச்சா எவ்ளோ நேரம்?" என்று கேட்டாய். கையில் கரண்டியோடு நான் யோசித்தேன். தட்டு ஏறுகிறது. அப்படியானால் நேரம் இறங்க வேண்டுமா, ஏற வேண்டுமா? ஏறினால் இறங்கும் என்பதுதானே பாட்டு? "ரெண்டரை நிமிஷம்" என்றேன்.

அப்பா தரையில் உட்கார்ந்து சட்னிக்குக் காத்திருந்தார். "இன்னாது, ரெண்டரை நிமிஷமா? அப்ப நாப்பது தட்டு வெச்சா அடுப்பே பத்த வெக்க வேணாம் போல" என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "இல்ல இல்ல, நாப்பது நிமிஷம்" என்று மாற்றினேன். "நாப்பது நிமிஷமா? சரி, நான் தறிக்குப் போய்ட்டு வர்றேன், வெந்ததும் கூப்புடு" என்று எழுந்தே விட்டார். இருபது வருஷத்துக்கும் மேலாக அதே குண்டானில் இட்லி வேக வைக்கிறவள் நான். அது பத்து நிமிஷம்தான் என்று என் கைக்குத் தெரியும். பென்சிலைப் பிடித்தால் மட்டும் மறந்துவிடுகிறது. நீயும் அப்பாவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் அழுகை வந்தது. பரீட்சைக்கு அதிக நாள் இல்லை. அன்றைக்கு என் காலில் கட்டை அவிழ்த்தபோது தோல் கறுத்திருந்ததை நான் உங்கள் இருவரிடமும் காட்டவில்லை.

இட்லிக்கு அப்புறம் பாட்டை நம்பாமல் நான் மறுபடி என் மனசுக்குப் பட்டதையே எழுத, அந்த வாரம் முழுவதும் நீ என்மேல் எரிந்து விழுந்தாய். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. என் காலை நினைத்துத்தான் உனக்குக் கோபம். நான் அதே கணக்கில் மறுபடி பன்னிரண்டு என்று எழுதியபோது நீ பேனாவை வைத்துவிட்டு, "இன்னாம்மா நீ, எத்தினி வாட்டி சொல்றது? எப்ப போட்டாலும் அதே பன்னெண்டு, அதே பன்னெண்டு!" என்று கத்தினாய். பிறகு உனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது போல. அப்புறம் அத்தனை நாளும் கேட்காத ஒன்றைக் கேட்டாய். குரலைத் தாழ்த்தி, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல, "சரி, நீ சொல்லு. ஏன் பன்னெண்டு?" என்றாய்.

நான் சொன்னேன். "ஏன்டா, எட்டு பேரு நின்ன லைன்ல பதினாறு பேர நிக்க வெச்சா டார்கெட்ட ரெண்டு மடங்கு ஏத்த மாட்டானா? அப்புறம் எப்புடி நாள் குறையும்? ஷிப்மென்ட் நேரத்துல எங்க லைன்ல ஆள் போட்டாங்க. ஒரு நாளாவது சீக்கிரம் வந்திருக்கனா? பஸ்ஸு எப்பவும் அதே ஆறு மணிக்குத்தான எடுக்கிறான்?" பக்கத்தில் சோல் ஒட்டுகிற ஷகிலா அந்தச் சமயத்தில் சொன்னதையும் உனக்குச் சொன்னேன். "அக்கா, ஆளும் ஜாஸ்தி, டார்கெட்டும் ஜாஸ்தி, பேஜாரும் ஜாஸ்தி. கம்மியானது நம்ம டீ டைம் மட்டும்தான்."

நீ சிரிப்பாய் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. நாற்காலியை விட்டிறங்கித் தரையில் என் எதிரில் உட்கார்ந்தாய். "அம்மா, இது ஒரு கதைன்னு வெச்சுக்கோ. இந்த கதையில வர்ற சூப்பர்வைசரு ரொம்ப நல்லவரு. ஒரு தடவ சொன்ன டார்கெட்ட மாத்தவே மாட்டாரு" என்றாய்.

"அப்படி ஒருத்தன் எந்த கம்பெனிலடா இருக்கான்? சொல்லு, நாளைக்கே போய் சேந்துக்கிறேன்."

"புஸ்தகத்துல மட்டும்தாம்மா இருக்காரு."

"அவருக்கு பேரு?"

"பேரெல்லாம் இல்ல. நீ கணக்க போடு."

இருவரும் சிரித்தோம். சிரித்து ஓய்ந்த பிறகு நீ துவைத்த துணியைக் கொண்டுவந்து தரையில் குவித்தாய். இதுதான் வேலை. இந்தக் குவியலில் இனிமேல் யாரும் ஒரு துணிகூடச் சேர்க்க மாட்டார்கள். நான் ஒருத்தி மடித்தால் எவ்வளவு நேரம், அப்பாவும் வந்து உட்கார்ந்தால் எவ்வளவு நேரம் என்று கேட்டாய். அப்பா "நான் எதுக்குடா?" என்று இழுத்தபடியே வந்து உட்கார்ந்தார். குவியல் கண்முன்னாலேயே குறைந்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் அத்தனை நாளும் தப்பாகப் போட்டது விடையை அல்ல. நான் வேறொரு கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தேன். என் கணக்கில் நாள் மாறாது, வேலை ஏறும். புத்தகத்துக் கணக்கில் வேலை மாறாது, அதனால் நாள் இறங்கும். எட்டுப் பேர் பன்னிரண்டு நாள் செய்தால், அது ஒரு ஆளுக்குத் தொண்ணூற்றாறு நாள் வேலை. அந்தத் தொண்ணூற்றாறை யாரும் கூட்டவில்லை. அதைப் பதினாறு பேருக்குப் பங்கு வைத்தால் ஆளுக்கு ஆறு நாள். பாட்டைப் பாடாமலே விடை வந்துவிட்டது.

அன்றிலிருந்து எந்தக் கணக்கைப் பார்த்தாலும் எது ஏறுகிறது, எது இறங்குகிறது என்று பார்ப்பதை விட்டுவிட்டேன். எது மாறாமல் இருக்கிறது என்று முதலில் தேடினேன். கம்பெனி பஸ் வேகமாகப் போனால் நேரம் குறைகிறது, ஏனென்றால் பள்ளிகொண்டாவுக்கும் ஆம்பூருக்கும் நடுவில் இருக்கிற தூரம் மாறவில்லை. பத்து லுங்கிக்குப் பத்து மடங்கு நூல், ஏனென்றால் ஒரு லுங்கிக்கு ஆகிற நூல் மாறவில்லை. இட்லித் தட்டுக்கும் நேரத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, அதை எந்த விகிதத்திலும் சேர்க்கக்கூடாது. பஸ்ஸில் இதையே பேசி ஷகிலாவை வறுத்தெடுத்தேன். "அக்கா, எனக்கு ஒரு டவுட்டு. நீ பேசப் பேச என் தலவலி ஏறுது. இது நேரா, எதிரா?" என்று கேட்டாள். "மாறாம இருக்கறது எது?" என்றேன். "உன் வாய்தான்" என்றாள்.

வேலூரில் பரீட்சை எழுதப் போன காலையில் நீ என்னைக் கேட்டில் விட்டுவிட்டு வெளியே நின்றாய். உள்ளே நடந்தது உனக்குத் தெரியாது. கண்ணாடி போட்ட ஒரு சார் என்னைத் தடுத்து, "அம்மா, பசங்கள கூட்டிட்டு வந்தவங்க எல்லாம் அந்த மரத்தாண்ட இருங்க" என்றார். "சார், நான்தான் பசங்க" என்றேன். அவர் ஹால் டிக்கெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு வழியை விட்டு, நான் உட்கார வேண்டிய பெஞ்சு வரைக்கும் கூடவே வந்தார். கேள்வித்தாளில் முதல் பக்கம் பரவாயில்லை. வடிவியலில் இரண்டு கணக்கை விட்டேன். ஒரு விடுதியில் நாற்பது மாணவர்களுக்கு முப்பது நாளுக்கு அரிசி இருக்கிறது, இன்னும் பத்துப் பேர் சேர்ந்தால் எத்தனை நாளுக்கு வரும் என்று ஒரு கணக்கு. அவசரத்தில் நேர் விகிதமாகப் போட்டேன். முப்பத்தேழரை நாள் என்று வந்தது. சாப்பிடுகிறவர்கள் கூடினால் அரிசி எப்படி அதிக நாள் வரும்? அடித்தேன். ஆனால் உடனே பழைய புத்தி தலைகாட்டியது. ஆள் கூடினால் வார்டன் அரிசி கூட்டி வாங்க மாட்டாரா? அப்படியென்றால் நாள் மாறாதே?

பேனாவைக் கீழே வைத்தேன். இந்தக் கேள்விக்கு ஐந்து மதிப்பெண், அந்த ஐந்து இல்லாமல் நான் தேறுவேனா என்று தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு விடுதியின் அரிசி அறைக்குள் போய்ப் பார்த்தேன். பூட்டியிருந்தது. யாரும் மூட்டை இறக்கவில்லை. இருப்பது இருப்பதுதான். நாற்பது பேர் முப்பது நாள் சாப்பிடுகிற அரிசி, ஆயிரத்து இருநூறு பங்கு. ஐம்பது பேருக்கு வைத்தால் இருபத்து நான்கு நாள். எழுதிவிட்டு அதற்குக் கீழே ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டேன். அந்தக் கோட்டுக்கு மதிப்பெண் கிடையாது, எனக்காகப் போட்டுக்கொண்டது.

முடிவு வந்த அன்று உன் முகத்தை நான் பார்த்தேன். போனில் தேடி எடுத்துவிட்டு, புருவத்தைச் சுருக்கினாய். எனக்கு உயிரே போய்விட்டது. "பாஸ்தாம்மா" என்றாய், யாரோ தவறியதுபோல. "கணக்குல முப்பத்தொம்பது. நான் அறுபதாவது வரும்னு நினைச்சேன். மறுகூட்டல் போடலாமா?" நான் அடுப்படிச் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். "டேய், முப்பத்தஞ்சு போதும்டா. மேல இருக்கிற நாலும் கொசுறு" என்றேன். அப்பா, "கொசுறு வாங்காம இவ எந்தக் கடையில இருந்து வந்திருக்கா?" என்றார். நீ அப்புறம்தான் சிரித்தாய். உன் வகுப்பிலும் இப்படிப் பிள்ளைகள் இருப்பார்கள் பிரபா. முப்பத்தொன்பது என்பதை ஒரு குறையாக நீ பார்ப்பாய். அந்தப் பிள்ளை அந்த எண்ணைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் மட்டும் உன் முகத்தைக் கொஞ்சம் பார்த்துக்கொள்.

நீ போகிற ஊரில் பாதிப் பிள்ளைகளின் அம்மாக்கள் என்னைப் போல வாணியம்பாடிக்கோ ஆம்பூருக்கோ கம்பெனி பஸ் ஏறுகிறவர்களாக இருப்பார்கள். அந்தப் பிள்ளைகளில் யாராவது பதினாறு பேருக்கும் பன்னிரண்டு நாள் என்று எழுதலாம். எழுதாமலும் போகலாம். வேறு ஏதாவது ஒரு விடையை, நீயும் நானும் நினைத்தே பார்க்காத ஒன்றை, எழுதலாம். தப்புப் போடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. தப்பு தப்புதான், பரீட்சையில் அதற்கு மதிப்பெண் கிடையாது. ஆனால் போடுவதற்கு முன் அந்தப் பிள்ளை பக்கத்தில் ஒரு தடவை உட்கார்ந்து, அன்றைக்கு என்னிடம் கேட்ட அதே குரலில், ஏன் என்று கேள். சூத்திரத்தை அதற்கு அப்புறம் சொல்லலாம். எல்லா நாளும், எல்லாரிடமும் உன்னால் முடியாது என்று எனக்குத் தெரியும். முடிகிற நாளில் கேள்.

சான்றிதழை எடுத்துக்கொண்டு வியாழக்கிழமை கம்பெனி ஆபீசுக்குப் போனேன். ஹெச்.ஆர். மேடம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது இந்த வருஷத்துதா?" என்றார். "ஆமா மேடம், மை கூட இன்னும் காயல" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே என்னைச் செக்கிங் டேபிளுக்கு மாற்றிக் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்தால் ஷகிலா வாசலிலேயே நிற்கிறாள். "இன்னா சொன்னாங்க?" என்றாள். சொன்னேன். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "போக்கா, போய் ஒக்காரு" என்றாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் ஆறாவதுதான் படித்திருக்கிறாள். பிரவுன் அட்டையைப் பிரிக்காமல் புத்தகங்களை அவளுக்கு எடுத்து வைத்திருக்கிறேன். ஜியோமெட்ரி பாக்ஸை மட்டும் தரவில்லை, அது என்னுடையது.

காலில் வலி இன்னும் இருக்கிறது, ஆனால் இந்த மூன்று நாளாகப் பயம் இல்லை. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் படுத்து நன்றாகத் தூங்கினேன். அப்பா எழுப்பி, "உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். ஒன்றும் இல்லை, கவலை இல்லாமல் தூங்கினேன் என்று சொன்னதும் பக்கத்திலேயே அவரும் படுத்துவிட்டார். நீயும் பயப்படாமல் போ. முதல் நாள் குரல் நடுங்கினால் நடுங்கட்டும், பிள்ளைகள் அதை மன்னித்துவிடுவார்கள். தண்ணீர் பாட்டிலை மறக்காதே. திங்கட்கிழமை காலையில், நீ உன் பிள்ளைகள் முன்னால் முதல் தடவையாக நிற்கிற அந்த நேரத்தில், நான் ஆம்பூரில் உட்கார்ந்திருப்பேன்.

உன் அம்மா